இறந்த பின்னும் பாடம் சொல்பவர்கள்

நாமக்கல் அல்லது திருச்செங்கோடு வழியாகப் பேருந்தில் போயிருந்தால் சாலையோரத்து லாரிப் பட்டறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பட்டறையில் வெறும் சேசிஸ் மீது ‘பாடி’ கட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்த பட்டறையில் பழைய எஞ்சின் ஒன்றைக் கழற்றி, பாகங்களைத் தார்ப்பாயின் மேல் வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் அருகில் குந்தியிருப்பார். ஒவ்வொரு பாகத்தையும் துடைப்பார், புரட்டிப் பார்ப்பார், இது எதோடு சேரும், ஏன் தேய்ந்தது என்று மேஸ்திரியைக் கேட்பார். இப்படிச் சில எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய பிறகுதான் ஓடுகிற லாரியில் அவரைக் கை வைக்க விடுவார்கள். புத்தகத்தில் எஞ்சின் படத்தை மட்டும் பார்த்தவரிடம் எந்த லாரிக்காரரும் தம் வண்டியை ஒப்படைக்கமாட்டார்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவுக்குக் குடலிறக்க அறுவை செய்யப்போகும் மருத்துவர், மனித உடலை எங்கே கற்றுக்கொண்டார்? அவருக்குக் கழற்றிப் பார்க்கக் கிடைத்த ‘எஞ்சின்’ எது?

அது இன்னொரு மனிதரின் உடல். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் உடற்கூறியல் என்றொரு பாடம் உண்டு. ஒரு நீண்ட மேசையின் மேல் பதப்படுத்தப்பட்ட உடல் ஒன்று கிடத்தப்பட்டிருக்கும். மாணவர்கள் குழுவாகச் சூழ்ந்து நின்று, தோலில் தொடங்கி, தசை, நரம்பு, இரத்தக் குழாய், எலும்பு என்று மாதக்கணக்கில் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்துப் படிப்பார்கள். தாய்லாந்து நாட்டு மருத்துவ மாணவர்கள் அந்த உடலைப் பிணம் என்று சொல்வதில்லை; ‘பெரிய ஆசிரியர்’ என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். வாய் திறக்காமல் பாடம் நடத்துகிற அந்த ஆசிரியர் யார், எப்படி அங்கே வருகிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படம் பார்த்தால் போதாதா?

உடற்கூறு நூல்களில் அருமையான வண்ணப் படங்கள் உள்ளன. இன்று கணினித் திரையிலேயே உடலைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். பிறகு உண்மையான உடல் எதற்கு?

விடையை உங்கள் கையிலேயே காணலாம். உள்ளங்கை மேலே தெரியுமாறு கையை நீட்டுங்கள். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக்கொண்டு, மணிக்கட்டைச் சற்றே உங்களை நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு போல ஒரு தசைநாண் புடைத்துத் தெரிகிறதா? பலருக்குத் தெரியும், சிலருக்கு இராது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். வகுப்பில் எல்லாரையும் செய்து பார்க்கச் சொல்லிக் கணக்கெடுங்கள். இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பிடியின் வலுவில் அதனால் குறிப்பிடத்தக்க குறை ஏதும் வராது. வேறிடத்தில் அறுந்துபோன தசைநாணுக்கு மாற்றாக மருத்துவர்கள் பல வேளைகளில் இதையே எடுத்துப் பொருத்துகிறார்கள்.

ஒரு சிறு தசைநாணிலேயே இவ்வளவு வேறுபாடு. உள்ளே இன்னும் மிகுதி. சிறுநீரகத்துக்கு ஒரு தமனி செல்வதாக நூலில் படம் இருக்கும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். குடல்வால் சிலருக்குக் கீழ்நோக்கித் தொங்கும். பலருக்குப் பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும். சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு இதயம் வலப்பக்கமும் கல்லீரல் இடப்பக்கமுமாக, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல, எல்லாமே இடம் மாறி இருக்கும். நூலில் இருப்பது சராசரி மனிதனின் படம். மருத்துவமனைக்கு வருபவரோ சராசரி மனிதர் அல்லர். ஒரு குறிப்பிட்ட மனிதர். தமனி எதிர்பாராத இடத்தில் ஓடலாம் என்பதை ஒரு மாணவர் எங்கே முதன்முதலில் காணவேண்டும்? உயிருள்ளவரின் வயிற்றைத் திறந்த பிறகா, இந்த மேசையிலா?

ஆயிரத்து முந்நூறு ஆண்டுத் தவறு

உடலைத் திறந்து பார்க்காமல் மருத்துவம் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த காலன் என்ற மருத்துவர் பேரறிஞர். ஆனால் மனித உடலை அறுத்துப் பார்க்க அக்காலத்தில் அவருக்கு வாய்ப்பில்லை. குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை அறுத்துப் பார்த்து, மனிதனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவைத்தார். ஐரோப்பா அதைச் சுமார் 1300 ஆண்டுகள் வேதவாக்காகக் கொண்டது.

1543-இல் வெசாலியஸ் என்ற 28 வயது இளைஞர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். தம் கையாலேயே மனித உடல்களை அறுத்து, கண்டதைக் கண்டபடி வரையச் செய்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று காலன் எழுதியிருந்தார். வெசாலியஸ் ஒரே எலும்புதான் என்று காட்டினார். கோப்பர்நிக்கஸ் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற தம் நூலை வெளியிட்டதும் அதே 1543-ஆம் ஆண்டில்தான். ஒருவர் வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மற்றவர் நம்மையே பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

நம் நாட்டில் இந்த அறிவு மிகப் பழையது. இறந்த உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பின் மெல்லத் தேய்த்து அடுக்கடுக்காக எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சுசுருத சம்கிதை வழி சொல்கிறது. அறுவை மருத்துவம் கற்பவன் கண்ணாலும் காணவேண்டும், நூலாலும் அறியவேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் பிற்காலத்தில் பிணத்தைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் ஓங்கி, இப்பழக்கம் நின்றுபோயிற்று. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் மீண்டும் மனித உடலில் கத்தியை வைத்தபோது அது நாடே பேசிய செய்தியாயிற்று.

உடல்கள் எங்கிருந்து வந்தன?

இந்த வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் உடற்கொடையின் அருமை விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மருத்துவப் பள்ளிகள் பெருகின, உடல்கள் போதவில்லை. தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்களை மட்டுமே சட்டம் அனுமதித்தது. எனவே இரவில் கல்லறையைத் தோண்டிப் புதிய பிணங்களைத் திருடி விற்கும் கூட்டம் தோன்றியது. எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்ற இருவர் அதைவிடக் கொடிய வழியைப் பிடித்தார்கள். 1828-ஆம் ஆண்டு முடிவதற்குள் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவரிடம் விற்றிருந்தார்கள். 1829-இல் பர்க் தூக்கிலிடப்பட்டான். அவன் உடலும் மாணவர்கள் முன் அறுக்கப்பட்டது. அவனுடைய எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகக் காட்சியகத்தில் இருக்கிறது.

மக்கள் கொதித்தெழ, 1832-இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தரலாம் என்றது. திருட்டும் கொலையும் நின்றன. ஆனால் சுமை முழுவதும் ஏழைகள் தலையில் விழுந்தது. அதே ஆண்டில் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் காலமானார். தம் உடலை அறுத்துப் பாடம் நடத்தவேண்டும் என்று தாமே எழுதிவைத்திருந்தார். நண்பரான மருத்துவர் அவ்வாறே செய்தார். உடை உடுத்தி நாற்காலியில் அமர்த்திய பெந்தாமின் எலும்புக்கூட்டை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இப்போதும் காணலாம்.

நம் மாநிலத்தில் 1951-இல் சென்னை உடற்கூறியல் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவமனையிலோ பொது இடத்திலோ இறந்து, உரிமை கோர எவரும் வராத உடல்களைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்த அது வழி செய்தது. நம் மருத்துவர்கள் பல தலைமுறைகளாகக் கற்றது பெரும்பாலும் இப்படிப்பட்ட உடல்களில்தான். பேருந்து நிலையத்து நடைமேடையில் படுத்திருந்த முதியவர், பெயர் சொல்ல ஆளில்லாத பிச்சைக்காரர் - இவர்கள்தாம் நம் மருத்துவர்களின் முதல் ஆசிரியர்கள். அவர்களிடம் ‘சம்மதமா?’ என்று யாரும் கேட்டதில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் சோறு கொடுக்காத ஊர், இறந்த பின் உடலை மட்டும் எடுத்துக்கொண்டது. தாமாக மனமுவந்து தம் உடலைத் தருபவர் இந்தக் கணக்கைத்தான் நேர் செய்கிறார்.

ஹால்டேன் எழுதிய உயில்

அப்படி மனமுவந்து தந்தவர்களுள் ஒரு பெரும் விஞ்ஞானியின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ஜே. பி. எஸ். ஹால்டேன் 1892-இல் இங்கிலாந்தில் பிறந்தவர்; மரபியலில் கணிதத்தைப் புகுத்திய மேதை. அவர் தந்தையும் விஞ்ஞானியே. சுரங்கக் காற்றை ஆராய்ந்தவர். சிறுவனாக இருந்த மகனை ஒருமுறை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனம் ஒன்றை ஒப்புவிக்கச் சொன்னார். சில அடிகள் சொல்வதற்குள் பையனுக்கு மூச்சு முட்டிக் கால்கள் தளர்ந்தன. தரையில் விழுந்தான்; விழுந்ததும் தெளிந்துவிட்டான்! காரணம் என்ன? அங்கே மீத்தேன் வாயு இருந்தது. மீத்தேனின் மூலக்கூறு எடை 16. காற்றின் சராசரி 29. இலேசான மீத்தேன் கூரையை ஒட்டித் தேங்கும். தரையருகே நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தை ஹால்டேன் ஆயுள் முழுதும் மறக்கவில்லை.

வளர்ந்த பின் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். இரத்தத்தில் அமிலம் கூடினால் என்ன ஆகும் என்று அறிய அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்து மூச்சிரைக்கக் கிடந்தார். 1939 ஜூன் மாதம் ‘தீட்டிஸ்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டனர். அவர்கள் ஏன் தப்ப முடியவில்லை என்று ஆராய்வதற்காக, இரும்பு அறைக்குள் தாமே அமர்ந்து காற்றழுத்தத்தை ஏற்றச் செய்தார். வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு வரை அவர் சென்றார்.

பத்து மடங்கு என்றால் எவ்வளவு? நமக்குத் தெரிந்த மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். அதன் முழு நீர்மட்டம் 120 அடி, அதாவது சுமார் 36.6 மீட்டர். ஏறத்தாழ 10.3 மீட்டர் நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். எனவே 120 அடி நீருக்கு அடியில் நீரால் சுமார் மூன்றரை, மேலே உள்ள காற்றால் ஒன்று. ஆக நாலரை மடங்கு. ஹால்டேன் தாங்கியது இதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இத்தகைய சோதனைகளில் அவருக்கு வலிப்பு வந்து முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது. செவிப்பறையும் கிழிந்தது. ஓட்டை மூடாவிட்டால் புகைபிடித்துக் காது வழியே புகை விட்டுக் காட்டலாமே என்று அவர் அதையும் வேடிக்கையாக எழுதினார்.

1957-இல் ஹால்டேன் இந்தியா வந்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் பின்னர்ப் புவனேசுவரத்திலும் பணியாற்றினார், இந்தியக் குடிமகனானார், இந்திய உடை உடுத்தினார். 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புற்றுநோயால் புவனேசுவரத்தில் காலமானார். தம் உடலை ஆந்திராவில் காக்கிநாடா நகரத்து ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குத் தரவேண்டும் என்று அவர் உயில் எழுதியிருந்தார். வாழ்நாளிலேயே ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் பயன்பட்ட உடல் இது. இறந்த பின் எனக்கு இதனால் பயனில்லை. பிறர் பயன்படுத்தட்டும் என்பது அதன் சாரம். உடல் கெடாமலிருக்கக் குளிரூட்டும் செலவைத் தம் சொத்திலிருந்து முதலில் எடுக்கவேண்டும் என்றும் மறவாமல் குறித்திருந்தார். விஞ்ஞானி அல்லவா!

அவர் காட்டிய வழியில் பின்னர்ப் பலர் சென்றனர். வங்காளத்தில் ‘கணதர்ப்பண்’ என்ற அமைப்பு 1980-களிலிருந்து இதை ஓர் இயக்கமாகவே நடத்தியது. மேற்கு வங்கத்தில் 23 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த ஜோதிபாசு 2003-இல் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 2010 ஜனவரியில் அவர் மறைந்தபோது, இறுதி ஊர்வலம் மயானத்துக்குப் போகவில்லை. கல்கத்தாவின் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் முடிந்தது. தமிழ்நாட்டில், எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி 2018 ஜனவரியில் மறைந்தபோது அவர் விருப்பப்படி உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குத் தரப்பட்டது. சென்னையில் பிறந்த அரசியல் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடல் 2024 செப்டம்பரில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக்கு அளிக்கப்பட்டது.

கெடாமல் காப்பது எப்படி?

உயிர் பிரிந்த உடனே உடலில் சிதைவு தொடங்குகிறது. செல்களுக்குள் இருக்கும் நொதிகள் ஒருபுறம், குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மறுபுறம் வேலையைத் தொடங்கிவிடும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். நம் சேலத்து வெயிலில் 34 டிகிரியில் கிடக்கும் உடலை 4 டிகிரிக்குக் குளிர்வித்தால், 30 டிகிரி குறைகிறது. மூன்று முறை பாதியாக்கினால் வேகம் எட்டில் ஒன்றாகிவிடும். இழவு வீட்டில் வாடகைக்கு எடுத்து வைக்கும் குளிர்பெட்டியின் தத்துவம் இதுவே. ஆனால் குளிர் சிதைவைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

நிறுத்துவதற்குப் பார்மலின் வேண்டும். பார்மால்டிஹைடு வாயுவை நீரில் கரைத்தால் கிடைப்பது பார்மலின். அது என்ன செய்கிறது? முட்டை மாவட்டமான நாமக்கல்லில் இதற்கு உவமை தேடி அலையவேண்டாம். முட்டையை அவித்தால் நீர்போன்ற வெண்கரு கெட்டியாகிறது. வெப்பத்தால் புரத மூலக்கூறுகளின் சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம். பார்மால்டிஹைடோ வெப்பமே இல்லாமல், அடுத்தடுத்த புரதங்களுக்கிடையே சிறு பாலங்களைக் கட்டி அவற்றை நிலைப்படுத்துகிறது. சிதைக்கும் நொதிகளும் புரதங்களே. அவையும் கட்டுண்டு செயலற்றுப் போகின்றன. பாக்டீரியாக்களும் மடிகின்றன. உடல் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது. (பார்மலின் நச்சுப்பொருள், கண்ணையும் மூக்கையும் எரிக்கும். வீட்டில் சோதித்துப் பார்க்கும் பொருள் அன்று.)

இத்திரவத்தை உடலின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பது எப்படி? இயற்கை போட்ட குழாய் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறதே! தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய தமனி ஒன்றில் குழாயைச் செருகி, திரவப் பாத்திரத்தை உயரத்தில் தொங்கவிடுவார்கள். அல்லது பம்பு வைப்பார்கள். எவ்வளவு உயரம் வேண்டும்? உயிரோடிருந்தபோது இதயம் தந்த உச்ச அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி உள்ளது. ஆகவே 120-ஐ 13.6-ஆல் பெருக்கினால் 1632 மில்லிமீட்டர். ஒரு மனிதர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயம் செய்த வேலையை இப்போது புவியீர்ப்பு செய்கிறது.

இன்னொரு முறையும் உண்டு. ஏற்காட்டில் சோறு வேகச் சற்று நேரமாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே நீர் 95 டிகிரிக்கருகிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலை இறங்கும். 1977-இல் ஜெர்மனியில் குந்தர் ஃபான் ஹாகென்ஸ் என்பவர் இந்த விதியை உடல் பாகங்களைப் பதப்படுத்தப் பயன்படுத்தினார். உறுப்பிலுள்ள நீரை முதலில் அசிட்டோனால் மாற்றவேண்டும். பிறகு அதைத் திரவப் பிளாஸ்டிக்கில் மூழ்கவைத்து, அறையிலுள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கவேண்டும். வெப்பமே இல்லாமல் அசிட்டோன் கொதித்து வெளியேறும். அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் உள்ளே இழுக்கப்படும். அது இறுகிய பின், வாடையில்லாத, கையில் எடுத்துப் பார்க்கத்தக்க உறுப்பு கிடைக்கும்.

மூன்று கொடைகள்

கண், உறுப்பு, உடல் என்ற மூன்று கொடைகளைப் பலர் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண் கொடை: இறந்த பின் சுமார் 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கவேண்டும். வீட்டில் இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம். பயன்படுவது பெரும்பாலும் முன்புறத்துக் கண்ணாடி போன்ற கருவிழிப்படலமே. அதற்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லாததால், மூச்சு நின்ற பிறகும் சில மணி நேரம் கெடாமல் இருக்கிறது. இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945-இல் சென்னையில் டாக்டர் முத்தையா தொடங்கினார். கண்ணப்பர் கதை பிறந்த நாட்டில் இது பொருத்தம்தானே?

உறுப்புக் கொடை: இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை இரத்த ஓட்டம் நின்றதும் விரைவில் கெட்டுவிடும். எனவே மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்து, கருவிகளின் உதவியால் இதயம் துடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்தே பொதுவாக இவற்றைப் பெறமுடியும். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவப் பெற்றோர், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தார்கள். அவனுடைய இதயம் சென்னையில் ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை வேர்விட்டதற்கு அந்நிகழ்ச்சி ஒரு காரணம். உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-இல் தமிழக அரசு அறிவித்தது.

உடற்கொடை: இது கற்பித்தலுக்காக. முதுமையில் வீட்டில் இயற்கையாக இறந்தவர்களும் தரலாம், வயது தடையில்லை. கண்ணைக் கொடுத்துவிட்டு உடலையும் கொடுக்கலாம். உறுப்புகளை எடுத்த உடலையும், உடற்கூறாய்வு செய்த உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. சில தொற்றுநோய்கள் இருந்தாலும் ஏற்கமாட்டார்கள்.

கையெழுத்து மட்டும் போதுமா?

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதல் இயங்குகிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 100 மாணவர்கள் சேர்கிறார்கள். கல்லூரிகள் பெருகுகின்றன, மேசைகளும் பெருகவேண்டும். உடலைத் தர விரும்புபவர் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையை அணுகி, படிவம் பெற்று, நெருங்கிய உறவினர்களின் சாட்சிக் கையெழுத்துடன் கொடுக்கவேண்டும். 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். இதற்குப் பணம் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் இறந்த பின், கல்லூரிக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டியவர் யார்? மருத்துவரிடம் இறப்புச் சான்று வாங்கி, சில மணி நேரத்துக்குள் உடலைக் கொண்டு சேர்க்கவேண்டியவர் யார்? குடும்பத்தார்தாம். மகனோ மகளோ ‘வேண்டாம்’ என்றால் எந்தக் கல்லூரியும் வற்புறுத்தி உடலை வாங்காது. பெட்டியில் பூட்டிவைத்த பத்திரம் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு கண்ணில் பட்டால் யாருக்கு என்ன பயன்? பத்திரத்தைவிட முக்கியம், வீட்டில் பலமுறை பேசி எல்லாரையும் இசைய வைத்திருப்பது.

வீட்டில் எழும் கேள்விகள்

பேச்செடுத்தால் கேள்விகள் வரும். ‘சடங்கு செய்யாமல் எப்படி அனுப்புவது?’ என்பார் பாட்டி. வீட்டில் செய்யவேண்டிய சடங்குகளைச் செய்து, மாலையிட்டு, உறவினர் எல்லாரும் பார்த்த பிறகே ஒப்படைக்கலாம். நேரம் மட்டும் நீளக்கூடாது.

‘அங்கே மரியாதையாக நடத்துவார்களா?’ நியாயமான கேள்வி. இன்று பல கல்லூரிகளில் மாணவர்கள் உடலைத் தொடும் முன் அதன் முன் நின்று, மதிப்போடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். படிப்பு முடிந்த பின் எஞ்சியவற்றை அடக்கமோ தகனமோ செய்கிறார்கள்.

‘உடம்பு குறைபட்டால் ஆன்மா என்ன ஆகும்?’ ஆன்மாவைப் பற்றி இயற்பியல் எதுவும் சொல்லாது. உடலைப் பற்றிச் சொல்லும். 60 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 39 கிலோ ஆக்சிஜன், 11 கிலோ கார்பன், 6 கிலோ ஹைட்ரஜன். மீதி நைட்ரஜன், கால்சியம் முதலியன. இவை நாம் உண்ட சோற்றிலும் குடித்த நீரிலும் இருந்து வந்தவை. எரித்தாலும் புதைத்தாலும் காற்றுக்கும் மண்ணுக்கும் திரும்பிப் போகின்றன. மருத்துவக் கல்லூரிக்குப் போன உடலும் அங்கேதான் போகிறது. வழியில் ஓராண்டோ ஈராண்டோ தங்கிப் பாடம் நடத்திவிட்டுப் போகிறது. தேவர்களுக்கு ஆயுதம் செய்யத் தம் எலும்பையே கொடுத்த ததீசி முனிவரின் கதை நம் புராணத்தில் இருக்கிறது. அவரை ஆன்மா கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை.

‘அஸ்தி கிடைக்குமா?’ என்ற கேள்விக்கு மட்டும் ஆறுதலான விடை இல்லை. பொதுவாகக் கிடைக்காது. ஆண்டுக்கொருமுறை போய்ப் பூ வைக்க ஒரு சமாதியும் இராது. இறந்தவருக்கு இதனால் இழப்பில்லை, இருப்பவர்களுக்கு உண்டு. கொடை தருபவர் ஒருவர். அதன் வலியைத் தாங்குபவர்கள் குடும்பத்தார். அதனால்தான் முடிவை அவர்களோடு சேர்ந்து எடுக்கவேண்டும் என்கிறோம். மனம் ஒப்பாதவர்களைக் குறை சொல்லவும் நமக்கு உரிமையில்லை.

மாணவர்களே, நீங்கள் இப்போது கையெழுத்திட வேண்டியது எதுவும் இல்லை. உங்களுக்கு அந்த வயதும் ஆகவில்லை. ஆனால் உங்களால் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தம் உடலைக் கொடுக்க நினைத்தும் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்று வாய் திறக்காத பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். இந்த இதழை அவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். பேச்சு எழுந்தால், ‘சாவைப் பற்றிப் பேசாதே’ என்று எழுந்து போய்விடாமல், உட்கார்ந்து கேளுங்கள். உங்களுள் சிலர் நாளை மருத்துவம் படிக்கப் போவீர்கள். முதலாண்டில் அந்த மேசையருகே நிற்கும்போது, அங்கே படுத்திருப்பவர் கேட்பாரற்று வந்தவரா, விரும்பி வந்தவரா என்பது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம். எவராக இருந்தாலும் கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் கைகூப்புங்கள். உங்களுக்கு முதல் பாடம் சொல்லித்தர வந்தவர் அவர்.